‘ஃபோர்ட்நைட்’ என்றால் பதினான்கா, பதினைந்தா?

கேள்வி: ஐயா, நான் தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தபின் ஒரு பயிற்சிநெறிக்கு விண்ணப்பித்திருந்தேன். சான்றிதழ்களின் பிரதிகளை ‘இக்கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு ஃபோர்ட்நைட்டுக்குள்’ ஒப்படைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. கடிதத்தில் மே 4, திங்கட்கிழமை என்று இருந்தது. தோட்ட ஆபீசுக்கு வந்து என் கைக்குக் கிடைக்கும்போது 8ஆம் திகதி ஆகிவிட்டது. வீட்டிலிருந்த அகராதியில் அந்தச் சொல்லுக்குப் ‘பட்சம், பதினைந்து நாள்’ என்று இருந்ததால், 19ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நாள் பிந்திவிட்டது என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார்கள். தவறு யாருடையது? அந்தச் சொல்லில் ‘ஃபோர்ட்’ என்று வருவது கொழும்புக் கோட்டையைச் சொல்கிறோமே, அந்தச் சொல்தானா? ‘நைட்’ எதற்காக வருகிறது? இப்போது இன்னோர் இடத்திலிருந்து, வகுப்பு ‘தேர்ஸ்டே ஃபோர்ட்நைட்’ தொடங்கும், பிறகு ‘ஃபோர்ட்நைட்லி’ நடக்கும் என்று ஜூன் 8, திங்கட்கிழமை தகவல் அனுப்பியிருக்கிறார்கள். நான் எந்தத் திகதியில் போக வேண்டும்? இந்த முறையும் தவறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தபோது மனம் வருந்தியது. ஹட்டனில் பல வருடங்களாக மொழிபெயர்ப்பு வேலை செய்துவரும் எனக்கு, ஒரு சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டதால் ஒரு வாய்ப்பை இழந்த பிள்ளைகள் புதியவர்கள் அல்ல. ஆனால் நீங்கள் கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை. அகராதியைப் பார்த்தீர்கள், நாட்களை எண்ணினீர்கள், எண்ணி முடித்த நாளில் காலையிலேயே போய் நின்றீர்கள். உங்களைத் தவறவைத்தது அகராதியில் இருந்த ‘பதினைந்து’ என்ற எண். அந்த எண் தமிழில் எப்படி வந்து சேர்ந்தது என்று விளங்கிவிட்டால் நீங்கள் இனி ஒருபோதும் இந்தச் சொல்லில் தவறமாட்டீர்கள் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான விடையைச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட்நைட் என்றால் பதினான்கு நாள், அதாவது சரியாக இரண்டு கிழமை. பதினைந்து நாளும் அல்ல, அரை மாதமும் அல்ல. மே 4, திங்கட்கிழமையிலிருந்து ஒரு ஃபோர்ட்நைட் என்றால் அது மே 18, திங்கட்கிழமையோடு முடிகிறது. நீங்கள் போன 19ஆம் திகதி பதினைந்தாவது நாள்.

அடுத்து அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பதுளையிலிருந்து வரும் ரயில் போய் நிற்கும் கொழும்புக் கோட்டை நிலையத்தின் பெயரை ஆங்கிலத்தில் நாம் நாள்தோறும் கேட்பதால், ‘ஃபோர்ட்’ என்ற ஒலி காதில் விழுந்ததும் கோட்டை நினைவுக்கு வருவது இயல்புதான். அதே ஒலியில் பெயர் வைத்திருக்கும் கணினி விளையாட்டு ஒன்றைத் தம்பிமார் விளையாடுவதும் இந்த எண்ணத்தை வலுப்படுத்தியிருக்கலாம். ஆனால் இந்தச் சொல்லுக்குள் கோட்டை எதுவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் பதினான்கு இரவுகள் என்பதை ‘ஃபியோவர்டீன் நிஹ்ட்’ என்றார்கள். பதினான்கைக் குறிக்கும் இன்றைய ‘ஃபோர்டீன்’ என்ற சொல்லும் இரவைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லும் அதிலிருந்து வந்தவையே. இரண்டையும் சேர்த்துச் சேர்த்துச் சொல்லிப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின் நடுவிலிருந்த ஒலிகள் தேய்ந்து ஃபோர்ட்நைட் என்று ஆகிவிட்டது. நம் பேச்சில் ‘பதினைந்து’ தேய்ந்து ‘பதினஞ்சு’ ஆவதைப் போன்ற தேய்வுதான் இது. இதற்குத் துணையாக ஏழு இரவுகள் என்ற பொருளில் ‘செனைட்’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் வழங்கியது. ஒரு கிழமையைக் குறித்த அந்தச் சொல் வழக்கிழந்துவிட, இரண்டு கிழமையைக் குறித்த சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

நாட்களை எண்ணுவதற்கு இரவை ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலேயரின் முன்னோர் ஜெர்மானிய இனக்குழுக்களைச் சேர்ந்தவர்கள். ஏறத்தாழ கி.பி. 98இல் அந்த மக்களைப் பற்றி எழுதிய உரோம வரலாற்றாசிரியர் தசிற்றஸ், அவர்கள் உரோமரைப் போல் நாட்களை எண்ணுவதில்லை என்றும், இரவுகளையே எண்ணுகிறார்கள் என்றும், இரவு முன்னே செல்லப் பகல் அதைத் தொடர்வதாகவே அவர்கள் கருதுகிறார்கள் என்றும் குறித்திருக்கிறார். நத்தாருக்கு முந்திய நாளை ‘கிறிஸ்மஸ் ஈவ்’ என்று சொல்லும்போதும் மாலைப் பொழுதைக் குறிக்கும் சொல்லே அந்த நாளின் பெயராக நிற்பதைக் காணலாம்.

இதைப் பிறருடைய விசித்திரமான பழக்கம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. தமிழிலும் ‘அல்லும் பகலும்’ என்றும் ‘இரவு பகலாக’ என்றும் ‘இராப்பகல்’ என்றும் இரவை முன்வைத்தே பேசுகிறோம். பாடசாலைகளிலும் தோட்டத்துக் கோயில்களிலும் வருடந்தோறும் நாம் கொண்டாடும் நவராத்திரி என்ற பெயருக்கு ஒன்பது இரவு என்பதே பொருள். உறவினர் வீட்டுக்குப் போய் வந்தவரிடம் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டால், ‘மூன்று நாள் இருந்தோம்’ என்ற விடையில் போன நாளும் திரும்பிய நாளும் சேர்ந்திருக்கின்றனவா என்று தெரியாது. ‘இரண்டு இராத்திரி தங்கினோம்’ என்று சொன்னால் அதில் ஐயத்துக்கு இடமில்லை.

இந்த வேறுபாட்டைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட பதினான்கா பதினைந்தா என்ற கேள்விக்கான விடை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. நாளை எண்ணும்போது தொடக்க நாளைச் சேர்ப்பதா விடுவதா என்ற குழப்பம் எப்போதும் எழும். இரவோ இரண்டு நாட்களுக்கு நடுவில் இருப்பது. அதற்கு அந்தக் குழப்பம் இல்லை. கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறி விடியற்காலையில் மலைநாட்டில் இறங்குகிறவர் இரண்டு திகதிகளைத் தொட்டிருந்தாலும் கழித்தது ஓர் இரவைத்தான். அதே போல, மே 4, திங்கட்கிழமை இரவை ஒன்று என்று தொடங்கி, செவ்வாய் இரவு இரண்டு, புதன் இரவு மூன்று என்று எண்ணிக்கொண்டே போனால், 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு பதினான்காவது இரவாக வரும். அந்த இரவு விடிந்தால் 18ஆம் திகதி, திங்கட்கிழமை. அதுவே கடைசி நாள். சொல்லுக்குள் இருக்கும் ‘நைட்’ என்ற பகுதியை எண்ணும் முறையைச் சொல்லித்தரும் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணியது சரியா என்று பார்ப்பதற்கு இன்னும் எளிய வழி ஒன்றும் உண்டு. ஃபோர்ட்நைட் எந்தக் கிழமையில் தொடங்கியதோ அதே கிழமையில்தான் முடியும். திங்களில் தொடங்கினால் திங்களில் முடியும், வியாழனில் தொடங்கினால் வியாழனில் முடியும். கணக்கு முடிவில் செவ்வாயில் வந்து நின்றீர்களானால் ஒரு நாள் கூட எண்ணிவிட்டீர்கள் என்று பொருள். ஞாயிறில் நின்றால் தொடக்க நாளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். கடிதம் திங்கட்கிழமை எழுதப்பட்டது, நீங்கள் செவ்வாய்க்கிழமை போனீர்கள் என்ற ஒரு விபரமே பிழை எங்கே நடந்தது என்பதை எனக்குக் காட்டிவிட்டது.

இனி, ‘பதினைந்து’ எங்கிருந்து வந்தது என்ற விடயத்துக்கு வருகிறேன். நம் மரபில் மாதத்தைப் பிறை வளர்வதையும் தேய்வதையும் கொண்டு இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பட்சம் என்கிறோம். பிரதமையில் தொடங்கி, துவிதியை, திருதியை என்று நடந்து, பதினான்காவது திதியான சதுர்த்தசியைக் கடந்து, பதினைந்தாவது திதியாகப் பௌர்ணமியோ அமாவாசையோ வரும்போது ஒரு பட்சம் நிறைவடைகிறது. ஆகவே பட்சம் என்றால் பதினைந்து திதி. இரண்டு கிழமை அளவான காலத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தமிழில் ஒரு சொல்லும் இருப்பதைக் கண்ட அகராதிக்காரர்கள் ஒன்றை மற்றொன்றுக்கு நேராக வைத்துவிட்டார்கள். பட்சத்தின் பின்னாலேயே பதினைந்து நாளும் வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையில் பட்சம் கூடச் சரியாகப் பதினைந்து நாள் அல்ல. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாள் செல்வதால், அதன் பாதி ஏறத்தாழ 14.77 நாள். திதி நம் நாட்காட்டியின் நாளை விடச் சற்றுக் குறுகியது. ஒரு பட்சத்தில் திதிகள் எப்போதும் பதினைந்து என்றாலும், நாட்கள் சில சமயம் பதினான்காகவும் அமைந்துவிடுகின்றன.

பட்சம் நிலவைப் பார்த்து நடப்பது. ஃபோர்ட்நைட் கிழமையைப் பார்த்து நடப்பது. அளவில் அருகருகே இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு கணக்குகள். இந்த இரண்டு கணக்குகளும் எவ்வளவு வேறானவை என்பதை நம் நாட்டு மக்கள் ஒருமுறை அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி ஞாயிறு விடுமுறையை நீக்கிவிட்டு, அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அட்டமிகள் ஆகியவற்றை ஒட்டி வரும் போயா நாட்களையே வாரவிடுமுறையாக வைத்திருந்தார்கள். நிலவின் கால்பகுதி சராசரியாக ஏழு நாளுக்கு மேல் நீள்வதால், ஒரு விடுமுறைக்கும் அடுத்ததற்கும் இடையில் சில சமயம் ஏழு நாளும் சில சமயம் எட்டு நாளும் வந்தன. உங்கள் வீட்டிலோ லயத்திலோ வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்தை நினைவில் வைத்திருக்கக்கூடும். அப்போது இரண்டு விடுமுறைச் சுற்றுகள் பதினைந்து நாளாக நீண்டிருக்கலாம். ஃபோர்ட்நைட்டோ அப்போதும் பதினான்கு நாள்தான்.

பதினைந்து என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் சடங்குகளில் தொடக்க நாளையும் ஒன்றாகச் சேர்த்தெண்ணும் வழக்கம் பரவலாக உண்டு. இறந்தவருக்குச் செய்யும் எட்டுச் செலவையும் பதினாறாம் நாள் காரியத்தையும் கணிக்கும்போது, இறந்த நாளையே முதல் நாளாக வைத்தெண்ணுபவர்கள் பலர். அப்படி எண்ணும்போது திங்களிலிருந்து அடுத்த திங்கள் எட்டாம் நாளாகவும், அதற்கடுத்த திங்கள் பதினைந்தாம் நாளாகவும் வரும். இது நம்மவருக்கு மட்டும் உரிய முறை அல்ல. பிரெஞ்சு மக்கள் ஒரு கிழமையைப் பேச்சில் ‘எட்டு நாள்’ என்றும் இரண்டு கிழமையைப் ‘பதினைந்து நாள்’ என்றும் சொல்கிறார்கள். இன்னும் வியப்பான செய்தி, ஆங்கிலேயரின் பக்கத்து வீட்டுக்காரர்களான வேல்ஸ் மக்களின் மொழியில் கிழமைக்கு ‘எட்டு இரவு’ என்றும், இரண்டு கிழமைக்குப் ‘பதினைந்து இரவு’ என்றும் பொருள்படும் சொற்களே இன்றும் வழங்குகின்றன. அவர்களும் குறிப்பது அதே இரண்டு கிழமையைத்தான்; இரண்டு முனைகளையும் சேர்த்தெண்ணுவதால் எண் ஒன்று கூடுகிறது. ஆகவே பதினைந்து என்று எண்ணியதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் எண்ணிக்கைக்குப் பின்னால் பழைய மரபொன்று இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கடிதத்துக்கு ஆங்கிலக் கணக்கையே வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நான் மிகவும் கவனிக்க விரும்பும் இடம் வேறொன்று. ‘இக்கடிதத்தின் திகதியிலிருந்து’ என்று எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். ‘கடிதம் கிடைத்த நாளிலிருந்து’ என்று எழுதியிருந்தால் கணக்கு முற்றிலும் மாறியிருக்கும். உங்கள் கைக்கு 8ஆம் திகதி வெள்ளிக்கிழமை கிடைத்ததால், 22ஆம் திகதி வெள்ளிக்கிழமை வரை உங்களுக்கு நேரம் இருந்திருக்கும். தபால் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுக்கும் வரை காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சொற்றொடரின் வேறுபாடு மிகப் பெரியது. பதினான்கு நாள் என்று பெயருக்குக் கொடுத்தாலும் உங்களுக்கு உண்மையில் கிடைத்தது பத்து நாள்தான். தோட்டப் பகுதிகளுக்குக் கடிதம் அனுப்பும் நிறுவனங்கள் ஃபோர்ட்நைட் என்று எழுதுவதை விட்டுவிட்டு, ‘மே 18, திங்கட்கிழமை மாலை 4 மணிக்கு முன்’ என்று திகதியையும் நேரத்தையும் எழுதுவதே நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு ஒரு வரி கூடச் செலவாகாது.

நடந்ததைச் சரிசெய்ய இன்னும் ஒரு முயற்சி செய்து பாருங்கள். கடித உறையை வைத்திருந்தால் அதில் தபால் முத்திரை இருக்கும். அந்த உறையின் பிரதியையும், கடிதம் 8ஆம் திகதிதான் கிடைத்தது என்று தோட்ட ஆபீசில் எழுதித் தருவார்களானால் அதையும் இணைத்து, தாமதத்துக்கான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி, ஒரு நாள் பிந்தியதை மன்னித்து ஏற்றுக்கொள்ளும்படி பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். அகராதியைப் பற்றி அதில் விளக்க வேண்டாம், தபால் தாமதம் ஒன்றே போதுமான காரணம். ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் உறுதி கூற முடியாது. ஆனால் கேட்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தச் சொல்லுக்கு முன்னால் வரும் சிறு சொற்களையும் நீங்கள் அறிந்துவைத்திருக்க வேண்டும். ‘வித்தின் எ ஃபோர்ட்நைட்’ என்றால் பதினான்கு நாள் முடிவதற்குள், இடையில் எந்த நாளிலும் என்று பொருள். ‘இன் எ ஃபோர்ட்நைட்’ என்றால் பெரும்பாலும் அந்தப் பதினான்கு நாள் கழிந்தபின் என்று பொருள். ‘நேர்முகப் பரீட்சை இன் எ ஃபோர்ட்நைட்’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கிழமையே அழைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை, அது இரண்டு கிழமை கழித்துத்தான் நடக்கும். ‘இரண்டு கிழமையில்’ என்று தமிழில் சொன்னால் அது இரண்டு பொருளையும் தரக்கூடியது என்பதால், மொழிபெயர்க்கும்போது நான் முதலாவதை ‘இரண்டு கிழமைக்குள்’ என்றும் இரண்டாவதை ‘இரண்டு கிழமை கழித்து’ என்றும் பிரித்தே எழுதுவேன். ‘ஃபார் எ ஃபோர்ட்நைட்’ என்றால் இரண்டு கிழமை நீடிப்பது. ‘எ ஃபோர்ட்நைட் அகோ’ என்றால் இரண்டு கிழமைக்கு முன். இவற்றில் குழப்பம் நேர்வது குறைவு. நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஒன் ஃபோர்ட்நைட்’ என்று எழுதாமல் ‘எ ஃபோர்ட்நைட்’ என்று எழுதுவதே வழக்கு என்பதையும், நான்கு கிழமையைச் சொல்ல ‘டூ ஃபோர்ட்நைட்ஸ்’ என்று பொதுவாக எழுதுவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கர்கள் இந்தச் சொல்லை அன்றாடப் பேச்சில் பயன்படுத்துவதில்லை. ‘டூ வீக்ஸ்’ என்றே சொல்கிறார்கள். பிரித்தானியாவிலும், பிரித்தானியரிடமிருந்து ஆங்கிலத்தைப் பெற்ற நம் நாடு, இந்தியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலும்தான் இது உயிரோடு இருக்கிறது. ஆகவே இணையத்தில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் பலருக்கு இந்தச் சொல் முதன்முதலில் ஒரு அலுவலகக் கடிதத்தில்தான் எதிர்ப்படுகிறது என்பதில் வியப்பில்லை.

‘ஃபோர்ட்நைட்லி’ என்ற சொல்லில்தான் நான் உங்களை மிகவும் எச்சரிக்க விரும்புகிறேன், ஏனென்றால் அதில் நானே பிழை செய்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கடன் ஒப்பந்தத்தை ஒரு தாய்க்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடக் கடன், தவணை ஃபோர்ட்நைட்லி கட்ட வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்ததை, நான் ‘மாதம் இருமுறை’ என்று எழுதிவிட்டேன். அந்த அம்மா என் எழுத்தை நம்பி, ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதியும் 15ஆம் திகதியும் தவறாமல் பணம் கட்டி வந்தார். மாதம் இருமுறை என்றால் வருடத்துக்கு 24 தவணை. பதினான்கு நாளுக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 26 தவணை. மாதங்கள் செல்லச் செல்ல அவர் கட்டும் திகதிகள் கடன் கொடுத்தவர்களின் திகதிகளுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. வருட முடிவில் கடன் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தவரிடம் இன்னும் இரண்டு தவணையும் தாமதக் கட்டணமும் இருக்கிறது என்று சொன்னார்கள். கொழுந்து பறித்து வாழ்பவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பது உங்களுக்குத் தெரியும். என் பிழையை ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுத்தேன். தாமதக் கட்டணத்தை நீக்கினார்கள், தவணைகளை நீக்கவில்லை. அந்தத் தாளை நான் இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன். அன்று முதல் ‘பதினான்கு நாளுக்கு ஒருமுறை’ என்று எண்ணோடு எழுதுவதைத் தவிர வேறெந்த வகையிலும் நான் இந்தச் சொல்லை மொழிபெயர்த்ததில்லை.

‘அரை மாதம்’ என்ற மொழிபெயர்ப்பும் இதே காரணத்தால் பொருந்தாது. ஆங்கில மாதத்தில் பாதி என்றால் பெப்ரவரியில் பதினான்கோ பதினான்கரையோ நாள், மற்றவற்றில் பதினைந்தோ பதினைந்தரையோ ஆகும். தமிழ் மாதங்களோ 29 நாளிலிருந்து 32 நாள் வரை வேறுபடுகின்றன. ‘பைவீக்லி’ என்று ஓர் ஆங்கிலச் சொல்லும் உண்டு. அது இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்றும், கிழமைக்கு இருமுறை என்றும் இரண்டு பொருளிலும் வழங்குவதால், அந்தச் சொல்லைக் கண்டால் அனுப்பியவரிடம் கேட்டுத் தெளிவுபெறாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள், நீங்கள் எழுதும்போது அதை அறவே தவிர்த்துவிடுங்கள். தமிழில் ‘இரண்டு கிழமைக்கு ஒருமுறை’ என்பது நம் நாட்டவர்க்கு நன்றாக விளங்கும். கடல் கடந்து தமிழ்நாட்டவர் வாசிக்கப்போகும் தாளாக இருந்தால் ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை’ என்று எழுதுங்கள், ஏனென்றால் அங்கே கிழமை என்றால் திங்கள், செவ்வாய் போன்ற நாளைத்தான் குறிக்கும்; ஏழு நாளைச் சேர்த்துக் கிழமை என்று சொல்லும் வழக்கம் இலங்கைத் தமிழருடையது.

இப்போது உங்களுக்கு வந்திருக்கும் புதிய தகவலுக்கு வருகிறேன். ‘தேர்ஸ்டே ஃபோர்ட்நைட்’ என்று கிழமையின் பெயரை முன்னால் வைத்துச் சொன்னால், வருகிற வியாழக்கிழமையிலிருந்து இரண்டு கிழமை கழித்து வரும் வியாழக்கிழமை என்று பொருள். தகவல் வந்தது ஜூன் 8, திங்கட்கிழமை. வருகிற வியாழன் ஜூன் 11. அதிலிருந்து பதினான்கு இரவு எண்ணினால் ஜூன் 25, வியாழக்கிழமை வருகிறது. வகுப்பு அன்றுதான் தொடங்குகிறது. இருந்தாலும், ‘ஜூன் 25, வியாழக்கிழமை வருகிறேன், சரிதானே’ என்று திகதியைக் குறிப்பிட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அவர்கள் அனுப்பும் விடையை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் ஆங்கிலம் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் வேண்டாம். என் அலுவலகத்துக்கு வரும் சட்டத்தரணிகள் கூடத் திகதியை எழுதிக் கேட்டே உறுதி செய்துகொள்கிறார்கள்.

அதன் பிறகு வகுப்பு பதினான்கு நாளுக்கு ஒருமுறை நடப்பதால், ஜூலை 9, ஜூலை 23, ஓகஸ்ட் 6, ஓகஸ்ட் 20, செப்டெம்பர் 3, செப்டெம்பர் 17 என்று வியாழக்கிழமைகளிலேயே வரும். இவற்றில் எதுவும் போயாவிலோ வேறு விடுமுறையிலோ விழுகிறதா என்பதை நாட்காட்டியைப் பார்த்து, விழுந்தால் அன்று வகுப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாதத்துக்கு இரண்டு வகுப்பு என்று எண்ணி பஸ் செலவுக்குப் பணம் ஒதுக்கிவைக்காதீர்கள். ஒக்டோபரில் 1, 15, 29 என்று மூன்று வகுப்புகள் வருகின்றன.